டிடியு: டிரைவரைத் துடைத்தெடுக்கும் கருவி, ஆனால் முதலில் எடுக்க வேண்டிய கருவி அல்ல

கேமின் நடுவே திரை உறைந்து, ஒரு கணம் கறுத்துத் திரும்பி வருகிறது. அல்லது நீலத் திரையில் 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' என்று எழுதிவிட்டு கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது. விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில்: "டிடியு ஓட்டிட்டு டிரைவரைப் புதுசா போடு." வாக்னார்ட்சாஃப்ட் இலவசமாகத் தரும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரின் சுருக்கப் பெயர்தான் டிடியு. கிராஃபிக்ஸ் கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்தான் டிரைவர்; என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூன்றின் டிரைவர்களையும் டிடியு மிச்சம் வைக்காமல் நீக்குகிறது. அந்த வேலையில் இதற்கு ஈடான கருவி அரிது. சிக்கல், இதை எடுக்கும் நேரத்தில்தான் இருக்கிறது.

விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே டிடிஆர் என்ற காவல் ஏற்பாடு ஒன்று உண்டு. கிராஃபிக்ஸ் கார்டு ஒரு வேலையை எடுத்துக்கொண்டு 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால், டிரைவர் தொங்கிவிட்டதாக எண்ணி விண்டோஸ் அதை மீட்டமைக்கும். திரை கறுத்துத் திரும்புவது இதனால்தான். மீட்டமைப்பு வெற்றி பெற்றால், விண்டோஸில் நடப்பவற்றின் பதிவேடான ஈவண்ட் வியூவரின் சிஸ்டம் பகுதியில் 'டிஸ்ப்ளே' என்ற மூலத்தின் கீழ் 4101 என்ற எண் பதிவாகும். தோற்றால், அல்லது 60 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் இப்படி நடந்தால், 116 என்ற குறியீட்டுடன் நீலத் திரை. ஆக, 4101, 116 இரண்டும் சொல்வது 'கார்டு பதில் தரவில்லை' என்பதை மட்டுமே. ஏன் தரவில்லை என்பதற்குக் கெட்டுப்போன டிரைவரும் காரணமாகலாம், சூடும் காரணமாகலாம், மின்சாரம் போதாமையும் காரணமாகலாம். நீலத் திரையில் என்விடியாவின் டிரைவர் கோப்புப் பெயர் தெரிந்ததுமே டிரைவர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டுவது அவசரம்.

எனவே டிடியுவைத் திறக்கும் முன் ஈவண்ட் வியூவரைத் திறப்பது நல்லது. கோளாறு நேர்ந்த அதே நிமிடத்தில் 'கெர்னல் பவர்' 41 (முறைப்படி அணையாமல் கம்ப்யூட்டர் நின்றது என்ற பதிவு) மட்டும் இருந்து, நீலத் திரையும் வராமல் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்திருந்தால் பவர் சப்ளையைப் பாருங்கள். ஒரே கேபிளின் இரு முனைகளையும் கார்டில் செருகியிருந்தால், தனித்தனியாக இரண்டு கேபிள் இழுத்துப் பாருங்கள். 'வியா லாகர்' (WHEA-Logger) பிழைகள் இருந்தால் அது வன்பொருளின் முறையீடு. ஓவர்கிளாக் (வேகத்தைக் கூட்டுவது), அண்டர்வோல்ட் (மின்னழுத்தத்தைக் குறைப்பது), எக்ஸ்எம்பி (நினைவகத்தை வேகமாக ஓட்டும் அமைப்பு) மூன்றையும் தற்காலிகமாக அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். தள்ளாடும் ரேம் கூட கிராஃபிக்ஸ் டிரைவர் பெயரில் பழி போடவைக்கும். விண்டோஸ் ஏறுவதற்கு முன், பயாஸ் திரையிலேயே புள்ளிகளும் கட்டங்களும் தெரிந்தால் எந்த டிரைவரும் உதவாது. கார்டின் நினைவகமோ கேபிளோ போயிருக்கிறது.

டிரைவர் மாற்றிய அன்றிலிருந்து, அல்லது விண்டோஸ் அப்டேட் வந்த அன்றிலிருந்து கோளாறு தொடங்கியிருந்தால்தான் டிரைவர் மேல் சந்தேகம் வலுக்கிறது. அப்போதும் முதல் மருந்து டிவைஸ் மேனேஜரில் இருக்கும் 'ரோல் பேக் டிரைவர்'. அந்தப் பொத்தான் மங்கிக் கிடந்தால் பழைய பதிப்பு கம்ப்யூட்டரில் இல்லை என்று பொருள். அடுத்தது என்விடியா இன்ஸ்டாலரில் 'கஸ்டம்' வழியாகப் போய் 'கிளீன் இன்ஸ்டலேஷன்' தேர்வது. ஏஎம்டிக்கு அந்நிறுவனமே தரும் கிளீனப் யுடிலிட்டி இருக்கிறது. பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

முடியாதபோதுதான் டிடியு. சாதாரண அன்இன்ஸ்டால் விட்டுச்செல்லும் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புத் தரவுத்தளம்) பதிவுகள், சேவைகள், கோப்புறைகள், டிரைவர் ஸ்டோரில் கிடக்கும் பழைய பொதிகள் என எல்லாவற்றையும் இது தேடி எடுக்கிறது. விண்டோஸ் டிரைவர்களைச் சேமித்து வைக்கும் கிடங்கான டிரைவர் ஸ்டோர்தான் இதில் முக்கியம். அங்கே பழைய பொதி இருக்கும்வரை, நீங்கள் அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தாலும் விண்டோஸ் அதே கெட்ட டிரைவரை எடுத்து மாட்டிக்கொள்ளும். 'நீக்கிப் போட்டும் அதே கதை' என்று புலம்புகிறவர்களில் பலர் மாட்டுவது இங்கேதான்.

ஓட்டும் முறையில் ஒழுங்கு தவறக்கூடாது. போட வேண்டிய டிரைவரை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். புதியதில்தான் கோளாறு என்றால், ஒழுங்காக ஓடிய பழைய பதிப்பை எடுங்கள். லேப்டாப் என்றால் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் இருப்பது. தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரெஸ்டோர் பாயிண்ட் ஒன்றை இப்போதே உருவாக்குங்கள்; டிடியுவை ஓட்டப் போகும் சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் விண்டோஸ் நிலை) அது நடக்காது. பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) இருந்தால் மீட்புச் சாவி கையில் இருக்கட்டும். சேஃப் மோடில் பின் எண் ஏற்காமல் போகலாம் என்பதால் கடவுச்சொல்லும் நினைவில் இருக்க வேண்டும். டிடியுவை உள்ளூர் டிரைவில் பிரித்து வையுங்கள், நெட்வொர்க் டிரைவிலிருந்து அது ஓடாது. பிறகு இணையத்தைத் துண்டியுங்கள்: லேன் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தாண்டிப் போகிறார்கள். நீங்கள் துடைத்து முடித்த மறுகணம் விண்டோஸ் அப்டேட் பின்னணியில் தன் டிரைவரை இறக்கிப் போடத் தொடங்கும். அதன்மேல் உங்கள் இன்ஸ்டாலர் ஏறும்போது இரண்டும் மோதும். மென்பொருளும் டிரைவரும் பொருந்தவில்லை என்று ஏஎம்டி காட்டும் பிழைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் என்று போய், 4 அழுத்தினால் சேஃப் மோட். விண்டோஸ் ஏறும் முறையை மாற்றும் எம்எஸ்கான்ஃபிக் கருவி வழியாகப் போகாதீர்கள். நீங்களே மாற்றும்வரை ஒவ்வொரு முறையும் சேஃப் மோடிலேயே ஏறும், கடவுச்சொல் தெரியாவிட்டால் வெளியே வரவும் முடியாது. டிடியுவில் வலப்பக்கம் 'ஜிபியு', அதன் கீழ் கார்டின் நிறுவனம் என்று தேர்ந்து 'கிளீன் அண்டு ரீஸ்டார்ட்' அழுத்துங்கள். கார்டையே மாற்றப் போகிறீர்கள் என்றால் 'கிளீன் அண்டு ஷட்டவுன்'. திரும்பி வரும்போது எழுத்தெல்லாம் பெரிதாக, மங்கலாக இருக்கும். இரண்டாவது மானிட்டர் இருண்டிருக்கலாம். மானிட்டர் வழியாக வந்த ஒலியும் போயிருக்கும். பயப்பட வேண்டாம், மைக்ரோசாஃப்டின் அடிப்படை டிரைவரில் ஓடுகிறது. டிரைவரைப் போட்டு, இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்த பிறகே இணையத்தை இணையுங்கள்.

குறைகளும் உண்டு. முகப்பு நெரிசலாக, பழைய காலத்துத் தோற்றத்தில் இருக்கிறது. செட்டிங்ஸில் வரிசையாக நிற்கும் தேர்வுப் பெட்டிகள் எதற்கு என்று புதியவருக்குப் புரியாது. அவற்றை இருந்தபடியே விடுவது உத்தமம். விண்டோஸ் அப்டேட் டிரைவர் இறக்குவதைத் தடுக்கும் தேர்வு ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டு மறந்தால், பின்னொரு நாள் புதிய பிரிண்டரோ வைஃபை கார்டோ தானாக டிரைவர் பெறாமல் முழிக்கும். முந்தைய நிலைக்குத் திருப்பும் பொத்தானும் டிடியுவிலேயே இருக்கிறது, தேடி அழுத்துங்கள். கன்ட்ரோல் பேனலில் நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த வண்ண அளவுகள், ஒவ்வொரு கேமுக்குமான அமைப்புகள் எல்லாம் போய்விடும். லேப்டாப்பில் இன்டெல், என்விடியா இரண்டும் இருந்தால் ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். திரும்பப் போடும்போது இன்டெல் முதலில், என்விடியா பிறகு.

ஒவ்வொரு டிரைவர் அப்டேட்டுக்கும் டிடியு ஓட்டுவது சிலருக்குச் சடங்காகிவிட்டது. அது வேண்டாம் என்று கருவியோடு வரும் குறிப்பே சொல்கிறது. நீக்குவதிலோ போடுவதிலோ சிக்கல் வரும்போதும், ஒரு நிறுவனத்தின் கார்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும்தான் இது. விண்டோஸ் கார்டுக்காகக் காத்திருக்கும் நேரமான 'டிடிஆர் டிலே'யை ரெஜிஸ்ட்ரியில் 8 அல்லது 10 விநாடியாக ஏற்றச் சொல்லும் அறிவுரையையும் அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட ரெண்டரிங் வேலைக்கு அது நியாயம். கேமில் அப்படிச் செய்தால் 2 விநாடி உறைவது 10 விநாடி உறைவதாக மாறும், அவ்வளவுதான்.

டிடியு ஓட்டி, ஓவர்கிளாக்கை அணைத்து, நன்றாக ஓடிய பழைய டிரைவரையே போட்ட பிறகும் 4101 வரிசையாக வந்தால் மறுபடி டிடியு ஓட்டாதீர்கள். கார்டை வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். அங்கேயும் அதே கோளாறு என்றால் வாரண்டிச் சீட்டை எடுக்கலாம்.