ஆத்தங்குடித் தரையில் வழுக்கிய லியோனார்டோ பாலம்

லியோனார்டோ டா வின்சி வரைந்து வைத்த மரப்பாலத்தை வீட்டிலேயே கட்டிப் பார்க்கிற குச்சி செட் ஒன்றை, லீவில் மகள் போனும் கையுமாகவே கிடக்கிறாளே என்று 850 ரூபாய் கொடுத்து ஆன்லைனில் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம், இதே பெட்டியை நாலைந்து பேர் விற்கிறார்கள். மொத்தம் 24 குச்சி, எல்லாவற்றிலும் காடி வெட்டியிருக்கிறது. ஆணி, பசை, கயிறு எதுவும் கிடையாது.

முதல் நாள் பட்டாலையில் உட்கார்ந்து கட்டினோம். கையை எடுத்ததும் இரண்டு காலும் விலகி மொத்தமும் தரையில் படுத்துவிட்டது, அதுவும் மூன்று தடவை. குச்சியைத் திட்டிப் பிரயோஜனமில்லை, தப்பு எங்கள் செட்டிநாட்டு வீட்டுத் தரை மேல். வருஷக்கணக்காகத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்த ஆத்தங்குடிக் கல், முகம் பார்க்கலாம். வளைவான பாலம் எடையை வாங்கினால் கால்களை வெளிப்பக்கம் தள்ளும், அந்தத் தள்ளலைத் தாங்கத் தரையில் பிடிமானம் வேண்டும். ஜமுக்காளத்தை விரித்துக் கட்டினோம், நின்றது. விளக்கத் தாளில் இது இல்லை, நம்ம ஊர்க்காரர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த விளக்கத் தாளும் சுமார்தான். நாலாவது படத்துக்கும் அஞ்சாவது படத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்று எனக்கும் புரியவில்லை, அவளுக்கும் புரியவில்லை. பக்கத்தில் ஓலைக் கொட்டான் பின்னிக்கொண்டிருந்த எங்கம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு மேல போனா அடுத்தது கீழ போகணும் ஆத்தா, ஓலையும் அப்படித்தானே" என்றார். "அட ஆமா அப்பத்தா" என்று அவள் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டாள். குறுக்குக் குச்சியும் நெட்டுக் குச்சியும் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன, எடை கூடினால் இன்னும் இறுகுகின்றன. ஐயா காலத்து இரண்டு கிலோ எடைக்கல்லை நடுவில் வைத்தோம், அசையவில்லை. அப்புறம் ஒரு குறுக்குக் குச்சியை உருவினோம், தடதடவென்று எல்லாம் சரிந்தது. அந்தச் சத்தத்துக்காகவே எட்டுத் தடவை உருவினாள்.

எனக்கு எரிச்சல், செட்டோடு வந்த சின்னப் புத்தகத்தின் மேல்தான். மனுஷன் வானத்திலிருந்து குதித்த மாதிரி எழுதியிருக்கிறார்கள். ஹெலிகாப்டரைக் கண்டுபிடித்தாராம், சுருள் இறக்கையைப் படமாக வரைந்தார், அவ்வளவுதான், பறக்கவிட்டதில்லை. போதாததற்கு, 1502இல் துருக்கி சுல்தானுக்காக அவர் போட்ட பாலத் திட்டத்தையும் இந்தக் குச்சிப் பாலத்தையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அது ஒரே வளைவில் சுமார் 240 மீட்டர் தாண்டுகிற பாலம், கட்டப்படவே இல்லை.

குழந்தை கேட்கிற கேள்விக்குப் பதில் இல்லாததுதான் பெரிய குறை: ஓவியர் எதற்குப் பாலம் வரைந்தார்? இத்தாலி அப்போது ஒரே நாடு இல்லை. மிலான், வெனிஸ், பிளாரன்ஸ் என்று ஆளுக்கொரு பக்கம் அடித்துக்கொண்டிருந்தார்கள். 1482 வாக்கில் மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தில், சுலபமாகத் தூக்கிப் போகிற லேசான பாலங்கள் போடத் தெரியும் என்பதுதான் முதல் தகுதி. ஓவியம் கடைசியில்தான் வருகிறது. எந்தச் சரக்கு விலை போகும் என்று தெரிந்த ஆள்.

1452இல் பிறந்தவர், நோட்டரி ஒருவரின் மகன். அப்பாவும் அம்மாவும் கல்யாணம் செய்துகொள்ளாததால் அப்பாவின் தொழில் சங்கம் இவரைச் சேர்க்காது. அதனால் பிளாரன்ஸில் வெரோக்கியோ என்ற கலைஞரின் பட்டறைக்குப் போனார். ஓவியம், வெண்கல வார்ப்பு, தங்க வேலை எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ். 1471இல் அந்தப் பட்டறை செய்த செம்புக் கோளத்தை பிளாரன்ஸ் தேவாலயக் குவிமாடத்தின் உச்சியில் ஏற்றினார்கள். குவிமாடத்தைக் கட்டிய புருனெல்லெஸ்கியின் பாரந்தூக்கிகளை லியோனார்டோ விடாமல் வரைந்து வைத்திருக்கிறார். இன்னொருவர் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர் என்று ஒரு வரி போட்டால் குறைந்தா போவார்?

அப்புறம் காசு. மெடிசி குடும்பம் 1397இல் தொடங்கிய வங்கிதான் பிளாரன்ஸில் பல பட்டறைகளுக்கு அடுப்பெரித்தது. பர்மாவில் வட்டிக்கடை வைத்துச் சம்பாதித்ததைத் தேக்குத் தூணாக ஊரில் இறக்கி, ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் வேலை கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒவ்வொரு வரவுசெலவையும் இரண்டு இடத்தில் பதிகிற இரட்டைப் பதிவுக் கணக்கை 1494இல் அச்சில் விளக்கிய கணித அறிஞர் பாச்சோலியின் புத்தகத்தை லியோனார்டோ காசு கொடுத்து வாங்கினார், பின்னால் அவருடைய இன்னொரு நூலுக்குப் படமும் வரைந்து கொடுத்தார். வீட்டில் பேரேடும் ஐந்தொகையும் பார்த்த பிள்ளைக்கு மோனாலிசாவைவிட இது சட்டென்று ஒட்டும்.

சரி, வாங்கலாமா? வாங்கலாம், அஞ்சுக்கு மூன்றரை. 10 வயசுக்குக் கீழே என்றால் பெரியவர் ஒருவர் கூட உட்கார வேண்டும். எங்கள் பெட்டியில் மூன்று குச்சிக்குக் காடி தொளதொளவென்று இருந்தது, விற்றவர்களுக்கு மெயில் போட்டு இரண்டு வாரம் ஆகிறது, சத்தமே இல்லை. கதவு சரிபண்ண வந்த ஆசாரி மிச்சத் தேக்குத் துண்டில் ஆறு குச்சி இழைத்துக் கொடுத்தார், பாலம் இப்போது ஒரு முழம் கூடியிருக்கிறது.