பிரமிடுக்குள் போக எந்தக் கேம்?

ஹட்டன் பக்கம் மழை பிடித்தால் பிள்ளைகள் வீட்டுக்குள்தான். டேட்டா முடிந்த போனை வைத்துக்கொண்டு இருக்கிறவர்களுக்குப் பழைய லெப்டொப் ஒன்றில் எமியுலேட்டர் (பழைய கம்பியூட்டர்களின் கேம்களை இன்றைய கம்பியூட்டரில் ஓட்டும் மென்பொருள்) போட்டுக்கொடுங்கள். பழைய பிரமிட் கேம்களுக்கு இன்டர்நெட்டும் வேண்டாம், கிராபிக்ஸ் கார்டும் வேண்டாம். என் கணக்கில் போட்டி இரண்டுக்குத்தான்: 1984இல் வந்த 'ஓ மம்மி', 1988இல் வந்த 'டோட்டல் எக்லிப்ஸ்'.

எண்பதுகளின் வீட்டுக் கம்பியூட்டரான ஆம்ஸ்ட்ராட்டோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது 'ஓ மம்மி'. ஒரே திரையில் 20 கல்லறைப் பெட்டிகள். நடக்க நடக்கக் காலடித் தடம் பதியும்; ஒரு பெட்டியைச் சுற்றி நாலு பக்கமும் தடம் விழுந்தால் அது திறக்கும். புதையல் இருக்கலாம், வெறுமையாகவும் இருக்கலாம், காவல் மம்மி எழும்பித் துரத்தவும் செய்யலாம். சாவியும் அரச மம்மியும் கிடைத்தால்தான் வெளியேற முடியும். சின்னப் பிள்ளைகூட உடனே பிடித்துக்கொள்ளும். அக்காவும் தம்பியும் மாறி மாறி விளையாட இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

ஆனால் பிரமிடுக்குள் நிற்கிற பயம் வேண்டுமென்றால் 'டோட்டல் எக்லிப்ஸ்'தான். கதை 1930இல் நடக்கிறது. சூரிய கிரகணத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம். அதற்குள் உச்சியிலுள்ள சூரியக் கடவுளின் சன்னதியை அழிக்காவிட்டால் சாபம் பலித்து நிலாவே வெடித்துவிடும். இன்சென்டிவ் நிறுவனத்தின் ஃபிரீஸ்கேப் நுட்பத்தால் சுவர்கள் முப்பரிமாணத்தில் நம்மைச் சூழ்ந்து நிற்கும். தண்ணீர்ப் போத்தல் காலியாகிக்கொண்டே போகும். விஷ அம்பு பட்டால் இதயத் துடிப்பு ஏறும். ஓய்வெடுத்தால் தணியும், ஆனால் கடிகாரம் வேகமாக ஓடிவிடும். உயிரா நேரமா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வைப்பதுதான் இதன் உயிர். பனி இறங்கிய தேயிலை மலையில் அடுத்த வளைவு தெரியாமல் நடக்கிற மாதிரி, அடுத்த அறையில் என்ன என்று தெரியாது.

குறையும் உண்டு. 8-பிட் (அந்தக் காலத்து வேகம் குறைந்த வீட்டுக் கம்பியூட்டர்) பதிப்பில் திரும்பிப் பார்ப்பதற்கே பொறுமை வேண்டும். டொஸ் (விண்டோஸுக்கு முந்தைய பிசி) பதிப்பையே தேடுங்கள்.

இவை இரண்டையும் தவிர, 1990இல் அபொஜி நிறுவனம் வெளியிட்ட 'ஃபேரோஸ் டூம்' இருக்கிறது. பின்னர் இலவசமாக்கப்பட்டது, தாவிக் குதிக்க நல்லது, அவ்வளவுதான்.

பத்து வயதுக்குக் கீழே என்றால் 'ஓ மம்மி'. அதற்கு மேலே என்றால் யோசிக்காமல் 'டோட்டல் எக்லிப்ஸ்'. பக்கத்தில் சதுரக் கொப்பி ஒன்றையும் வைத்துவிடுங்கள், அறை அறையாக வரைபடம் போடாமல் உச்சிக்குப் போவது கஷ்டம்.