சென்சாருக்கு முன் கேஜைப் பூட்டிய பட்டறை

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்கு வாரம் நான்கு நடை ஓடும் எங்கள் டீசல் பிக்கப், 2014ஆம் ஆண்டு வண்டி. ஓட்டுவது என் தம்பி; கணக்கும் பராமரிப்பும் என் பொறுப்பு. மூன்று வார இடைவெளியில் எஞ்சினில் ஆயிலின் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் அதன் ஆயில் பிரஷர் சென்சாரை இரண்டு முறை மாற்ற நேர்ந்தது. இரண்டாம் முறை அந்த வேலையைச் செய்த திண்டுக்கல் பட்டறையைப் பற்றியும், அங்கே பூட்டிய பாகத்தைப் பற்றியும், பிக்கப் வைத்துத் தொழில் செய்கிறவர்களுக்குப் பயன்படும் வகையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தொல்லை தொடங்கியது ஒரு சிவப்பு விளக்கில்தான். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, ரயில்வே கேட்டிலோ சந்தை வாசலிலோ வண்டி ஐடிலிங்கில் நிற்கும்போது, எண்ணெய்க் குப்பி படம் போட்ட விளக்கு மினுக்கும். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் அணைந்துவிடும். இந்த அறிகுறிக்குக் காரணம் ஒன்றல்ல என்பதே சிக்கல். சூட்டில் ஆயில் இளகி அழுத்தம் குறைந்திருக்கலாம். எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருக்கலாம். ஆயில் பம்ப் களைத்திருக்கலாம். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் உள்ள சல்லடையில் கசடு அடைத்திருக்கலாம். இவை எதுவுமே இல்லாமல் சென்சார் மட்டும் கெட்டிருக்கலாம். கடைசிக் காரணமாக இருந்தால் சில நூறு ரூபாயில் முடியும். மற்றவையாக இருந்து, கவனிக்காமல் ஓட்டினால், பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய எண்ணெய்ப் படலம் அறுந்து, சில நிமிடங்களிலேயே எஞ்சின் இறுகிப் பிடித்து நின்றுவிடும்.

முதலில் போன இடத்தில் இந்தக் கேள்வி எதையும் யாரும் எழுப்பவில்லை. விளக்கு எரிகிறது என்றதும் பழைய சென்சாரைக் கழற்றினார்கள், பெயரோ எண்ணோ அச்சிடாத ஒரு பெட்டியிலிருந்து புதிதை எடுத்து, அதன் மரையில் டெஃப்லான் டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கினார்கள், 180 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். விளக்கும் அணைந்தது. பதினெட்டாம் நாள் மறுபடி மினுக்கியது. பானட்டைத் திறந்து பார்த்தபோது, சென்சாரின் இரும்பு உடலும் கறுப்பு பிளாஸ்டிக் தலையும் சேரும் இடத்திலிருந்து ஆயில் கசிந்து, ஒயரைச் செருகும் கப்ளருக்குள்ளும் இறங்கி, ஒயரின் முதல் இரண்டு அங்குலம் வரை ஈரமாக இருந்தது.

அதன் பிறகுதான் திண்டுக்கல்லில், பழனி சாலையில், பெயர்ப்பலகை கூட இல்லாமல் ஒரு தகரக் கொட்டகையில் நடக்கும் இந்தப் பட்டறைக்கு, லாரி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அனுப்பிவைத்தார். மெக்கானிக்குக் கிட்டத்தட்ட அறுபது வயது இருக்கும். தம்பி வண்டியை நிறுத்திய உடனேயே, “அண்ணே, சென்சார் ரெண்டாவது வாட்டி போயிடுச்சு” என்றான். அவர் சொன்ன பதில் இந்த மதிப்புரையை எழுதத் தூண்டிய வாக்கியம்: “சென்சார் போயிடுச்சுன்னு யாரு சொன்னது தம்பி? முதல்ல உள்ள பிரஷர் இருக்கான்னு பாத்துருவோம்.”

எங்கள் வண்டியில் இருப்பது ஒற்றை ஒயர் கொண்ட பழைய வகை. பேச்சில் சென்சார் என்று சொன்னாலும் உண்மையில் அது ஒரு சுவிட்ச். அழுத்தம் மிகக் குறைந்தால் உள்ளே தொடர்பு ஏற்பட்டு, விளக்குக்கு எர்த் கிடைத்து எரியும். ஆகவே அவர் முதலில் ஒயரைப் பார்த்தார். சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஓட்டாமல், கப்ளரைப் பிடுங்கினார், விளக்கு அணைந்தது. ஒயரின் முனையை எஞ்சின் உடலில் தொட்டார், எரிந்தது. ஒயர் எங்கும் உரசி எர்த் ஆகவில்லை என்பது இவ்வளவில் உறுதியாயிற்று. மூன்று ஒயர் உள்ள புதிய வகைச் சென்சாரில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது, அதில் 5 வோல்ட் மின்சாரம் வருவதால் ஒயரை எர்த்தில் தொட்டால் வண்டியின் கம்ப்யூட்டருக்கே சேதம் வரலாம், அதற்கு மல்டிமீட்டரும் ஸ்கேனரும்தான் வேண்டும் என்பதையும் தம்பியிடம் அழுத்திச் சொன்னார்.

பிறகு 24 மி.மீ. ஆழ சாக்கெட்டைப் போட்டு சுவிட்சைக் கழற்றினார். அதன் மரையில் டெஃப்லான் டேப் நூல் நூலாகக் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைச் சாமணத்தால் உருவி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஈரமான, கறுத்த, முடிக்கற்றை போன்ற ஒன்று. இந்தச் சுவிட்சுக்குக் கசிவைத் தடுக்கச் செம்பு வாஷர் இருக்கிறது, டேப்புக்கு வேலையே இல்லை. அது தேவையற்றது மட்டுமன்று, ஆபத்தானதும்கூட: ஒற்றை ஒயர் சுவிட்ச் தன் மரை வழியாகத்தான் எர்த் எடுக்கிறது, டேப் அந்தத் தொடர்பை அறுத்துவிட்டால், உள்ளே அழுத்தம் அறவே இல்லாமல் போனாலும் விளக்கு எரியாது. எரிகிற விளக்கைக் கண்டு நாம் பதறுகிறோம். சாவியை ஆன் செய்து எஞ்சின் ஓடாமல் இருக்கும்போதும் எரியாத விளக்கைக் கண்டுதான் இன்னும் அதிகமாகப் பதற வேண்டும் என்பது எனக்கு அன்று புரிந்தது. இப்போது தினமும் அதிகாலையில் ஸ்டார்ட் செய்யும் முன் தம்பி அந்த விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டே சாவியைத் திருப்புகிறான்.

சுவிட்ச் இருந்த துளையிலேயே, ரப்பர் குழாயோடு கூடிய, அழுத்தத்தை அளக்கும் முள் கேஜைப் பூட்டி எஞ்சினை ஓட்டினார். குளிர்ந்த எஞ்சினில் எடுத்த அளவை அவர் பொருட்படுத்தவில்லை. விளக்கு சூட்டில்தான் மினுக்குகிறது என்றால் சூட்டில்தான் அளக்க வேண்டும் என்று இருபது நிமிடம் ஓடவிட்டார். இந்தப் பொறுமையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். சூடான பின் ஐடிலிங்கில் முள் 1.4 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) நின்றது. நிமிடத்துக்கு 2000 சுற்றில் 3.2 பாருக்கு ஏறியது. ஐடிலிங்கில் ஒரு பாருக்கு மேல் நின்று, மிதிக்க மிதிக்கத் தயங்காமல் ஏறினால், இவ்வளவு ஓடிய எஞ்சினுக்கு அது நல்ல ஆரோக்கியம் என்றார். பம்ப்பும் பேரிங்கும் நன்றாக இருக்கின்றன, குற்றம் சுவிட்சில் மட்டுமே என்பது அப்போதுதான் நிச்சயமாயிற்று.

புதிய பாகத்தை அவர் கையிருப்பில் வைத்திருப்பதில்லை. சேசிஸ் எண்ணைக் குறித்துக் கொடுத்து, வண்டி நிறுவனத்தின் அசல் பாகத்தையே பில்லோடு வாங்கிவரச் சொன்னார். விலை 420 ரூபாய். பழையதையும் புதியதையும் கையில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிகிறது: அசலில் பிளாஸ்டிக் தலையைச் சுற்றி இரும்பு விளிம்பு இடைவெளியின்றி மடித்து அழுத்தப்பட்டிருக்கிறது, மரையின் வெட்டு கூர்மையாக இருக்கிறது, உடலில் பாக எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. மலிவுப் பாகத்தின் விளிம்பில் நகம் நுழைந்தது. பெரும்பாலான வாகன உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகிவிட்டதால், பில் இல்லாமல் வாங்கினால் மிச்சம் என்ற பழைய பேச்சுக்கும் இப்போது முன்பிருந்த வலு இல்லை.

பூட்டிய முறையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. எண்ணெய் இறங்கியிருந்த கப்ளரைக் கிளீனர் அடித்துக் காயவிட்டார். புதிய செம்பு வாஷரைப் போட்டு, கடைசிச் சுற்று வரை விரலாலேயே திருகி, அதன் பிறகுதான் சிறிய ராட்செட்டை எடுத்தார். எஞ்சினை ஓட்டியதும் இரண்டு மூன்று விநாடிகளில் விளக்கு அணைந்தது. வண்டியைப் பைபாஸ் வரை ஓட்டிவரச் செய்து, மீண்டும் பானட்டைத் திறந்து, சுவிட்சின் அடியில் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்து, துணியில் ஒரு பொட்டுகூட இல்லை என்பதைக் காட்டினார். அளப்பதற்கும் வேலைக்கும் சேர்த்து 350 ரூபாய், வாஷருக்கு 10 ரூபாய்.

குறைகளும் உண்டு. முன்கூட்டியே நேரம் கேட்டு வைக்க முடியாது. நாங்கள் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம், உட்கார ஒரு பெஞ்சைத் தவிர வேறில்லை. கூலிக்கு அச்சிட்ட பில் கிடைக்காது, ஆகவே நிறுவனக் கணக்கில் செலவைக் காட்ட வேண்டியவர்களுக்கு இது ஒத்துவராது. புதிய தலைமுறை வண்டிகளுக்கான ஸ்கேனர் அவரிடம் இல்லை. அப்படிப்பட்ட வண்டி வந்தால் அதை மறைக்காமல் சொல்லி வேறு இடத்துக்கு அனுப்பிவிடுகிறார்.

கிளம்பும் முன், அன்றைய தேதி, கிலோமீட்டர், 1.4, 3.2 என்ற அளவுகள், ஊற்றியிருந்த ஆயிலின் வகை 15டபிள்யூ-40 என்ற விவரம் ஆகியவற்றை ஒரு சிறிய தாளில் எழுதி, பானட்டின் உள்பக்கம் ஒட்டிக் கொடுத்தார். அடுத்த ஆயில் மாற்றத்துக்குப் போன வாரம் அங்கேயே விட்டோம். கேட்காமலேயே கேஜைப் பூட்டிப் பார்த்து, முதல் வரிக்குக் கீழே இரண்டாவது வரியாக 1.4, 3.1 என்று எழுதினார். சுவிட்சின் அடியில் ஒற்றிய துணி இந்த முறையும் வெள்ளையாகவே வந்தது.