சென்னைச் சாலைக்கு எந்த செயின் லூப்? சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

சைக்கிள் செயினுக்கு எந்த லூப் (lube, உராய்வைக் குறைக்கப் போடும் எண்ணெய் அல்லது மெழுகு) என்ற முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் தை முதல் புரட்டாசி வரை செயினுக்கு மெழுகு. ஐப்பசி மழை பிடித்ததும் வெட் லூப், அதாவது மழைக்குத் தாங்கும் பிசுபிசுப்பான எண்ணெய். வருடம் முழுக்க ஒரே பாட்டில்தான் என்றால் வெட் லூப் வாங்குங்கள், ஆனால் அடிக்கடி துடைக்கத் தயாராக இருக்க வேண்டும். வார நாட்களில் வேளச்சேரியிலிருந்து அலுவலகம், ஞாயிறு காலையில் ஈசிஆர் என்று ஒரே 8 ஸ்பீடு (பின்சக்கரத்தில் 8 கியர்) சைக்கிளைப் பல வருடங்களாக ஓட்டியதில் வந்து சேர்ந்த முடிவு இது.

செயின் எங்கே தேய்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஓட ஓட செயின் நீளமாவது தகடு இழுபடுவதால் அல்ல. கண்ணிகளை இணைக்கும் சிறு ஆணியான பின்னும் (pin) அதைச் சுற்றி இருக்கும் உள்தகட்டின் விளிம்பும் உரசித் தேய்கின்றன. ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை இடைவெளி கூடிக் கூடி மொத்த நீளம் ஏறிவிடுகிறது. அதனால் எண்ணெய் போய்ச் சேர வேண்டிய இடம், பின்னைச் சுற்றி உருளும் சிறு உருளையான ரோலருக்கு உள்ளே. வெளித்தகட்டில் மினுமினுக்கும் எண்ணெய் துருவைத் தடுப்பதோடு சரி; மற்றபடி ரோட்டுத் தூசியையும் மணலையும் பிடித்துவைத்து, உப்புத்தாள் போல இரும்பைத் தேய்க்கும்.

கைக்குக் கிடைக்கும் எண்ணெய்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தையல் மெஷின் எண்ணெய் நன்றாக உள்ளே இறங்கும், ஆனால் சீக்கிரம் காய்ந்து கிறீச்சிடத் தொடங்கும். ஒரு மழைக்குத் தாங்காது. தேங்காய் எண்ணெய் பிசுக்கேறித் தூசியை அள்ளும். பைக் செயின் ஸ்பிரே மோட்டார் சைக்கிளின் தடித்த செயினுக்கானது. இங்கே போட்டால் கேசட் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) முழுக்கக் கறுப்புப் பசை. பைக் மெக்கானிக் கடையில் வடித்த பழைய இன்ஜின் ஆயிலைப் போடவே போடாதீர்கள், அதில் கரியும் இரும்புத் துகளும் ஏற்கெனவே கலந்திருக்கும். சாதாரண டபிள்யூடி-40 நனைந்த செயினிலிருந்து தண்ணீரை விரட்டவும் அழுக்கைக் கரைக்கவும் அருமையானது. அதன் பிறகு லூப் தனியாகப் போட்டே ஆக வேண்டும்.

இனி டிரை லூப். ஃபினிஷ் லைன் பிராண்ட் என்றால் சிவப்பு மூடி டிரை, பச்சை மூடி வெட். டிரை லூப்பில் இருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போய், மெல்லிய படலம் மட்டும் தங்கும். ஆகவே இரவே போட்டுவிட வேண்டும். கிளம்பும் நேரத்தில் போட்டால் பலன் பாதிதான். கோடையில் செயின் சுத்தமாக இருக்கும், பேன்ட் கறைபடாது. குறை என்னவென்றால் 150 கிலோமீட்டர் தாண்டினால் சத்தம் கேட்கத் தொடங்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது உருக்கிய பாரஃபின் மெழுகு. முதல் தடவை மட்டும் வேலை அதிகம். கம்பெனி கிரீஸ் கொஞ்சமும் மிஞ்சாமல் பலமுறை மண்ணெண்ணெயில் அலசி, நன்றாகக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் மெழுகு பிடிக்காது. மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். செயினை அதில் போட்டு, காற்றுக் குமிழிகள் நிற்கும் வரை அசைத்து, எடுத்துத் தொங்கவிட வேண்டும். ஆறியதும் குச்சி மாதிரி விறைத்திருக்கும்; கண்ணி கண்ணியாக மடக்கிவிட்டுச் சைக்கிளில் மாட்டலாம். குவிக் லிங்க் (எளிதாகப் பிரித்துச் சேர்க்கக்கூடிய கண்ணி) இருந்தால் கழற்றி மாட்டுவது எளிது. கையால் தொட்டாலும் அழுக்கு ஒட்டாத செயின்! அக்னி நட்சத்திர வெயிலில் நிறுத்திய நாட்களிலும் வழியவில்லை.

ஆனால் மழைக்கு மெழுகு ஆகாது. ஒருநாள் நனைந்து, துடைக்காமல் விட்டால் மறுநாள் காலையில் செம்பழுப்புத் துரு பூத்திருக்கும். கடலோரமாக ஓட்டுகிறவர்களுக்கு உப்புக்காற்று வேறு. அதனால் வடகிழக்குப் பருவமழை முடியும்வரை வெட் லூப்தான். பிசுபிசுப்பானது, சீக்கிரம் கறுக்கும், ஆனால் தண்ணீர் தேங்கிய சாலையில் போய்வந்த பிறகும் உள்ளே நிற்கும்.

போடும் விதத்தைப் பலரும் கவனிப்பதில்லை. செயினின் கீழ்ப்பகுதியில், உள்பக்கமாக, ரோலருக்கு ஒரு சொட்டு. பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, உள்ளே இறங்க நேரம் கொடுத்து, பிறகு பனியன் துணியால் வெளிப்பக்கத்தை அழுத்தித் துடைக்க வேண்டும். எந்த பிராண்ட் என்பதைவிட இந்தத் துடைப்புதான் செயினின் ஆயுளைக் கூட்டுகிறது என்று உறுதியாகச் சொல்வேன். பழைய அழுக்கின் மேல் புது லூப் ஊற்றினால் அழுக்கைத்தான் உள்ளே அனுப்புகிறோம்.

தேய்மானத்தை ஸ்டீல் ஸ்கேலால் நீங்களே பார்க்கலாம். ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர், ஆகவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். கடைசிக் கண்ணியின் பின் ஸ்கேலின் 12 அங்குலக் கோட்டை 1.5 மில்லிமீட்டர் தாண்டினால் 0.5 சதவீதத் தேய்மானம். 11, 12 ஸ்பீடுக்கு அதுவே மாற்றும் நேரம். 8 ஸ்பீடுக்கு 0.75 சதவீதம், ஏறக்குறைய 2.3 மில்லிமீட்டர் வரை விடலாம். அதற்கு மேல் ஓட்டினால் கேசட் பல்லும் தேய்ந்து, இரண்டையும் சேர்த்து வாங்க வேண்டி வரும்.

முழு செயின் கவர் போட்ட கியரில்லாத சைக்கிள் என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். கவர் தூசியையும் மழையையும் தடுத்துவிடும். அங்கே கெட்டியான ஆயிலே போதும்.