ஓப்பன்-ஐஸ்கஸி, மல்டிபாத்: தனித்தனியே நல்லவை, சேரும் இடத்தில்தான் சிக்கல்

ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கும் டிஸ்க்கை நெட்வொர்க் வழியாக லினக்ஸ் சர்வருக்குக் கொண்டுவர வேண்டும், ஒரு பாதை போனாலும் இன்னொன்றில் ஓட வேண்டும். இதற்கென்று காசு கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. ஓப்பன்-ஐஸ்கஸி, டிவைஸ் மேப்பர் மல்டிபாத் இரண்டும் ரெட் ஹாட், சூசே, டெபியன், உபுண்டு எதிலும் தொகுப்பாகவே கிடைக்கின்றன. முன்னது ஐஸ்கஸி (டிஸ்க் கட்டளைகளைச் சாதாரண நெட்வொர்க்கில் அனுப்பும் முறை) வழியாக ஸ்டோரேஜுடன் பேசி டிஸ்க்கைக் கொண்டுவரும். பாதைக்கு ஒன்றாக எஸ்டிபி, எஸ்டிசி என்ற டிவைஸ் பெயர்களில் தெரியும் அதே டிஸ்க்கை ஒரே பெயருக்குள் அடக்குவது பின்னது. இரண்டுமே புரொடக்‌ஷனில் தைரியமாகப் போடலாம். குறை ஒன்றுதான்: இரண்டுக்கும் தனித்தனி கான்ஃபிக். ஒன்றில் எழுதியதை மற்றது சத்தமில்லாமல் மாற்றும்.

முதலில் வயரிங். இரண்டு நெட்வொர்க் கார்டு, இரண்டு ஸ்விட்ச், இரண்டு சப்நெட். ஒரே சப்நெட்டில் இரண்டு கார்டையும் போட்டால், எந்தக் கார்டுக்கான ஏஆர்பி (இந்த ஐபி முகவரி யாருடையது என்ற) கேள்விக்கு எந்தக் கார்டு பதில் சொல்லும் என்பது நிச்சயமில்லை. இரண்டு செஷனும் (ஸ்டோரேஜுடனான லாகின் இணைப்புகள்) ஒரே கேபிளில் போய்க்கொண்டிருக்கும், அந்தக் கேபிள் போகும்வரை யாருக்கும் தெரியாது. கார்டுகளை பாண்ட் செய்தால் (ஒன்றாகக் கட்டி ஒரே கார்டுபோல் ஆக்கினால்) போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஓப்பன்-ஐஸ்கஸியில் ஒரு செஷனுக்கு ஒரே டிசிபி இணைப்புதான். பாண்டில் பயன்படும் எல்ஏசிபி முறை, முகவரிகளிலிருந்து கணக்கிடும் ஹாஷைப் பார்த்து அதை ஒரே கேபிளில்தான் அனுப்பும். இரண்டு 10 கிகாபிட் கார்டை பாண்ட் செய்தாலும் அந்த செஷனுக்குக் கிடைப்பது 10 தான். ஐஸ்கஸிக்குப் பாண்ட் வேண்டாம், மல்டிபாத்திடம் விட்டுவிடுங்கள்.

எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) 9000 வைப்பதானால் கார்டு, ஸ்விட்ச், ஸ்டோரேஜ் மூன்றிலும் வையுங்கள். பிறகு துண்டாக்கக் கூடாது என்ற ஆப்ஷனோடு 8972 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள் (9000இல் ஐபி தலைப்புக்கு 20, ஐசிஎம்பிக்கு 8 போக மீதி). நடுவில் ஒரு ஸ்விட்ச் போர்ட் மட்டும் 1500இல் இருந்தால் லாகின் ஆகும், சின்ன ரீடுகளும் ஓடும், பெரிய ரைட் வந்ததும் செஷன் தொங்கும். ஸ்டோரேஜ்மேல் பழி போட்டு நேரம் வீணாகும் வகை இது.

டிஸ்கவரி, லாகின் இரண்டும் சுலபம்: ஐஸ்கஸியின் 3260 போர்ட்டுக்கு ஒரு டிஸ்கவரி (ஸ்டோரேஜிடம் என்ன இருக்கிறது என்ற கேள்வி), பிறகு லாகின். ஸ்டோரேஜ் தன்னிடம் உள்ள எல்லா போர்ட்டல்களையும் (ஐபி முகவரி, போர்ட் ஜோடிகள்) பட்டியலில் திருப்பித் தரலாம். இந்த சர்வரிலிருந்து எட்டாத முகவரிகளின் நோடு ரெக்கார்டை (டிஸ்கவரியின்போது சர்வர் சேமித்துவைத்த பதிவு) அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு பூட்டிலும் அவற்றுக்காகக் காத்திருக்கும்.

லாகின் 24ஆம் எண் பிழையோடு திரும்பினால் பலரும் சேப் (லாகின் சரிபார்ப்பு முறை) பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். பல நேரம் காரணம் அதுவல்ல, ஸ்டோரேஜின் அனுமதிப் பட்டியலில் இந்த சர்வரின் இனிஷியேட்டர் பெயர் (ஸ்டோரேஜிடம் சர்வர் தன்னை அடையாளம் காட்டும் பெயர்) இல்லை என்பதுதான். பெயரை இனிஷியேட்டர்நேம் ஃபைலில் திருத்தினால் ஐஸ்கஸி-டி சர்வீஸையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அதுவரை பழைய பெயரிலேயே கதவைத் தட்டும். டெம்ப்ளேட்டிலிருந்து குளோன் செய்த விஎம்களில் இதன் மறுபக்கம்: இரண்டு சர்வருக்கும் ஒரே பெயர். ஒன்று உள்ளே வந்தால் இன்னொன்றின் செஷன் அறுபடும், மாறி மாறி. ஐஸ்கஸி-ஐநேம் கட்டளை புதுப் பெயர் தரும்.

இனி டைம்அவுட். இந்த ஜோடியை எடைபோட வேண்டிய இடம் இதுதான். செஷன் உயிரோடு இருக்கிறதா என்று ஓப்பன்-ஐஸ்கஸி 5 வினாடிக்கு ஒரு முறை நூப் (வேலை எதுவும் இல்லாத சோதனைச் செய்தி) அனுப்பும், பதிலுக்கு 5 வினாடி பொறுக்கும். பதில் வராவிட்டால் ரீப்ளேஸ்மென்ட் டைம்அவுட் ஓடத் தொடங்கும். அது முடிந்த பிறகுதான் தேங்கிய ஐஓ (ரீட், ரைட் கோரிக்கைகள்) பிழையாக மேலே போய், மல்டிபாத் அடுத்த பாதைக்கு மாறும். இதன் டீஃபால்ட் 120 வினாடி. ஒற்றைப் பாதைக்கு அது நியாயமான எண், ஸ்விட்ச் ரீபூட் ஆகித் திரும்பும்வரை பொறுக்கலாம். இரட்டைப் பாதையில் அதே எண் அமலில் இருந்தால் டேட்டாபேஸ் இரண்டு நிமிடத்துக்கு மேல் உறைந்து நிற்கும். 5 என்று வைத்தால் மொத்தம் 15 வினாடிக்குள் மாறிவிடும்.

மாற்றுவதிலும் ஒரு பொறி உண்டு. ஐஸ்கஸிடி.கான்ஃபில் எழுதும் மதிப்பு இனிமேல் டிஸ்கவரி செய்யும் நோடுகளுக்குத்தான். ஏற்கெனவே பதிவான நோடு ரெக்கார்டில் பழைய 120 அப்படியே கிடக்கும். அதைத் தனியாக அப்டேட் செய்து, லாக்அவுட் செய்து திரும்ப லாகின் ஆக வேண்டும். போதாக்குறைக்கு மல்டிபாத்தின் பின்னணிச் சேவையான மல்டிபாத்-டி தன் ஃபாஸ்ட் ஐஓ ஃபெயில் மதிப்பை, டீஃபால்ட்டாக 5, இதன்மேல் எழுதிவிடும். நல்ல நோக்கம்தான். ஆனால் ஒருவர் அந்த மதிப்பை 60 என்று மாற்றிவைத்தால், ஐஸ்கஸி பக்கம் எவ்வளவு கவனமாக எழுதியும் பயனில்லை. கான்ஃபிக் ஃபைலைப் படித்து முடிவுக்கு வராதீர்கள். சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னலின் தற்போதைய நிலையைக் காட்டும் அடைவு) ஐஸ்கஸி செஷன் அடைவுக்குள் ரெக்கவரி-டிஎம்ஓ என்ற ஃபைல் இருக்கும். அதில் உள்ள எண்தான் அமலில் இருப்பது.

மல்டிபாத் பக்கம் முதலில் குழப்புவது ஃபைண்ட் மல்டிபாத்ஸ் என்ற அமைப்பு. மூலத் திட்டத்தின் டீஃபால்ட் ஸ்ட்ரிக்ட், அதாவது டபிள்யூடபிள்யூஐடி (டிஸ்க்கின் தனி அடையாளம்) பட்டியலில் முன்பே பதிவான டிஸ்க்கை மட்டுமே எடுத்துக்கொள்ளும். புது லன் (ஸ்டோரேஜ் ஒதுக்கித் தரும் டிஸ்க்) இரண்டு பாதையில் வந்தும் மேப் (பாதைகளைச் சேர்த்த ஒற்றை டிவைஸ்) உருவாகவில்லையே என்று விழிப்பதற்குக் காரணம் இதுதான். சிறிய ஏ ஆப்ஷனோடு ஒரு முறை மல்டிபாத் கட்டளை கொடுத்துச் சேர்த்தால் போதும். ரெட் ஹாட்டின் எம்பாத்கான்ஃப் கருவி இதை யெஸ் என்று எழுதிவிடுவதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. விஎம்வேரில் ஓடும் உபுண்டு 20.04இல் வேறு தலைவலி: டிஸ்க் யூயூஐடி வெளியே தெரியாததால், எஸ்டிஏ பற்றிய புகார் சில வினாடிக்கு ஒரு முறை லாக்கில் கொட்டிக்கொண்டே இருக்கும். விஎம் அமைப்பில் டிஸ்க்.எனேபிள்யூயூஐடி என்பதை ட்ரூ ஆக்கலாம், அல்லது லோக்கல் டிஸ்க்கை பிளாக்லிஸ்டில் போடலாம்.

எல்லாப் பாதையும் ஒரே நேரத்தில் போனால்? நோ பாத் ரீட்ரை என்ற அமைப்பு அதைத் தீர்மானிக்கும். ஃபெயில் என்றால் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் ஃபர்ம்வேர் அப்டேட்டின்போது வரும் சில வினாடித் தடங்கலே போதும், எக்ஸ்எஃப்எஸ் ஷட்டவுன் ஆகும், எக்ஸ்ட்4 ரீட்-ஒன்லிக்குப் போகும். க்யூ என்றால் ஸ்டோரேஜ் திரும்பாதவரை ப்ராசஸ்கள் டி நிலையில் (ஐஓ முடியக் காத்திருக்கும் நிலை) தொங்கும், கில் கேட்காது, ரீபூட்கூட முடியாது. நடுவழி எண்தான்: போலிங் இடைவெளி 5 வினாடி, ரீட்ரை 12 என்றால் சுமார் 60 வினாடி பொறுத்துப் பிறகு பிழை தரும். ஃபென்சிங் (பழுதான சர்வரைக் கட்டாயமாக விலக்குவது) உள்ள கிளஸ்டரில் இதையும் குறைக்க வேண்டும். ஏற்கெனவே க்யூவில் மாட்டிக்கொண்ட மேப்பை விடுவிக்க மல்டிபாத்-டியிடம் அந்த மேப்புக்கு டிஸேபிள் க்யூயிங் கேளுங்கள்.

எஃப்எஸ்டேபில் (மவுண்ட் பட்டியல் ஃபைல்) மேப்பர் பெயரையே போடுங்கள், எஸ்டிபி என்று எழுத வேண்டாம். நெட்வொர்க் வந்த பிறகே மவுண்ட் செய்யச் சொல்லும் நெட்டெவ் ஆப்ஷனை மறக்க வேண்டாம். லன்னை நீக்கும் வரிசை முக்கியம்: அன்மவுண்ட், மேப்பை நீக்கு, ஒவ்வொரு எஸ்டி டிவைஸையும் அழி, அதன் பிறகே ஸ்டோரேஜில் அன்மேப். முதலில் ஸ்டோரேஜில் கை வைத்தால் செத்த பாதைகள் சர்வரில் தங்கும்; அதே லன் எண்ணில் வேறு டிஸ்க் வந்து உட்கார்ந்தால் டேட்டாவே போகும்.

மல்டிபாத் பட்டியலில் இரண்டு பாதையும் ஆக்டிவ், ரெடி என்று வருவதை வைத்து ஒப்படைத்துவிடக் கூடாது. ஃபியோவில் (டிஸ்க் சோதனைக் கருவி) டைரக்ட் ரைட் ஓடவிட்டு, ஒரு பாதையில் 3260 போகும் பாக்கெட்டுகளை ஐபிடேபிள்ஸ் ஃபயர்வால் விதியால் டிராப் செய்யுங்கள். சர்வரில் கார்டை டவுன் செய்து பார்ப்பது வேறு சோதனை. நடுவில் உள்ள ஸ்விட்ச் மௌனமாகப் பாக்கெட்டை விழுங்கும்போது கார்டு லிங்க் இருப்பதாகவே காட்டும், அப்போதுதான் மேலே சொன்ன நூப் கணக்கு வேலை செய்கிறதா என்று தெரியும். விதியை எடுத்த பிறகு பாதை தானாகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள்.

ஸ்டோரேஜ் என்விஎம்இ ஓவர் டிசிபி (ஐஸ்கஸிக்கு மாற்றான புதிய முறை) தருமானால் புது அமைப்புக்கு அதையே சொல்வேன். போர்ட் 4420, மல்டிபாத் கர்னலுக்குள்ளேயே இருப்பதால் இரண்டு கான்ஃபிக் சண்டை இல்லை. ஒன்று மட்டும்: ஐஓ பாலிசி (எந்தப் பாதையில் அனுப்புவது என்ற விதி) டீஃபால்ட் நூமா, அதாவது சிபியுவுக்கு அருகிலுள்ள பாதை, அதனால் ஒரு பாதையில்தான் போக்குவரத்து ஓடும். இரண்டு கேபிளின் வேகமும் வேண்டுமென்றால் ரவுண்ட்-ராபினுக்கு (பாதைகளில் மாறி மாறி அனுப்புவது) மாற்றுங்கள்.