எட்டுத் துண்டு பார்மா ஹாம்

இத்தாலியின் பார்மா பகுதியில் பன்றித் தொடையை உப்பிட்டு உலர்த்திச் செய்யும் ஹாம், நூறு கிராம் பாக்கெட். பின்புறம் இரண்டே பொருள்கள் அச்சிடப்பட்டிருந்தன: பன்றித் தொடை, உப்பு. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். பார்மா என்ற பெயரில் விற்கும் ஹாமில், இறைச்சி கெடாமலிருக்கப் போடும் நைட்ரைட் என்ற வேதிப்பொருளைச் சேர்க்க அனுமதியில்லை. உப்பும் காற்றும் பல மாதக் காத்திருப்பும்தான் இறைச்சியைப் பதப்படுத்துகின்றன. ஐந்து முனைக் கிரீட முத்திரை இல்லையென்றால் அது பார்மா ஹாம் அல்ல.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஒரு துண்டை வாயில் போட்டேன். மெழுகைக் கடித்தது போல இருந்தது. அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகு வெள்ளைக் கொழுப்பு கண்ணாடி போலாகி நாக்கில் கரைந்தது. அந்தக் கொழுப்பு ஓரத்தை வெட்டி எறிபவர்கள் இதை வாங்கவே வேண்டாம். பாதி ருசி அங்கேதான் இருக்கிறது. ஒரு துண்டில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. பூஞ்சணம் என்று நினைத்துச் சுரண்டப் போனேன். நீண்ட நாள் பதத்தில் புரதம் சிதைந்து உருவாகும் டைரோசின் படிகங்கள்தான் அவை. பல்லில் நறநறக்கும், கெடுதல் இல்லை.

லேபிள்படி நூறு கிராமில் புரதம் 26 கிராம். கேட்க நன்றாக இருக்கிறது. உப்பு 4.4 கிராம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பாக்கெட்டை ஒரே மூச்சில் காலி செய்தால் அன்றைய கணக்கு கிட்டத்தட்ட முடிந்தது. நைட்ரைட் இல்லை என்பதாலும் முழுவதும் தப்பிவிட முடியாது. 2015-இல் புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் சேர்க்கப்பட்ட பதப்படுத்திய இறைச்சி என்ற வகைக்குள் உப்பிட்டுப் பதப்படுத்தியதும் அடக்கம். புரதத்துக்காக இதைச் சாப்பிடுகிறேன் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

சமையலில் என் முதல் முயற்சி பாழானது. பாஸ்தா வேகும் நீரில் வழக்கம்போல் உப்புப் போட்டு, மூன்று துண்டுகளை வதக்கிச் சேர்த்து, மேலே சீஸும் துருவினேன். வாயில் வைக்க முடியவில்லை. அடுத்த முறை ஒரே துண்டு. எண்ணெய் இல்லாத சட்டியில் மொறுமொறுப்பாகும்வரை வாட்டி, நொறுக்கி, உப்பில்லாத முட்டை மேல் தூவினேன். அபாரம். முலாம்பழத்தோடு பச்சையாகவே சாப்பிடுவது அதைவிடவும் மேல்.

பாக்கெட் போட்டவர்கள்மீதுதான் எனக்குக் கோபம். துண்டுகளுக்கு இடையே தாள் வைக்கவில்லை. ஒன்றோடொன்று ஒட்டி, கடைசி இரண்டும் கிழிந்தே வந்தன. அவற்றை பீன்ஸ் சூப்பில் போட்டேன். அன்று உப்பு டப்பாவைத் திறக்கவில்லை.