நான்காவது மாடி வார்டில் 11 நாள்

இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்காக அம்மாவை மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். கேன்டீன் சாம்பார் வெறும் வெந்நீர். லிஃப்டுக்கு நின்றே எனக்குக் கால் வலி. பில்லைப் பற்றிப் பேசவே வேண்டாம். நான் எழுத வந்தது சிஸ்டர்களைப் பற்றி.

ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைப்பது அங்கே கவுண்டரில் இல்லை, கட்டிலருகில். காலை ஏழே முக்காலுக்கு இரவு சிஸ்டரும் பகல் சிஸ்டரும் சேர்ந்து வந்து டிரிப் ஏறும் கை, யூரின் பை, கட்டு எல்லாம் பார்த்துப் பேசுவார்கள். "பாட்டி, நான் எதையாவது விட்டுட்டேனா?" என்று அம்மாவிடமே கேட்பார்கள். அம்மாவா விடுவார்? "ராத்திரி மாத்திரை லேட்டும்மா."

மூன்றாம் நாள் இன்சுலினில் ஒரு குழப்பம். டாக்டர் போனில் அளவைக் குறைத்துச் சொன்னது சார்ட்டில் ஏறவில்லை. ஊசி போடுமுன் இன்னொரு சிஸ்டர் சரிபார்த்தபோது பிடிபட்டது. சார்ட்டில் ஏற்றாமல் விட்ட அந்தச் சின்னப் பெண்ணுக்குத் திட்டு விழும் என்று நினைத்தேன். சார்ஜ் சிஸ்டரோ மதியம் எல்லோரையும் பத்து நிமிடம் கூட்டி, என்ன நடந்தது என்று அவளையே சொல்ல வைத்தார். இனி போனில் வருவதை எழுதி, திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும் என்று முடிவு. மறுநாளே ஒருவர் போனில் "பத்து யூனிட், ஒன்று பூஜ்யம், சரியா டாக்டர்?" என்றது காதில் விழுந்தது.

ஞாயிறு இரவு மட்டும் மொத்த வார்டுக்கும் இரண்டே பேர். இரண்டு மணிக்கொரு முறை அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க நானும் கை கொடுத்தேன். ஒரு நட்சத்திரம் அதற்காகக் குறைத்திருக்கிறேன், சிஸ்டர்களுக்கு இல்லை, நிர்வாகத்துக்கு.